திரையில் தெரியும் பட்டாவும் வரப்பில் நிற்கும் ஆளும்

"ஆன்லைனில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். பட்டா அவர் பெயரில்தான் இருக்கிறது, வில்லங்கமும் இல்லை" என்று யாராவது சொன்னால், "போன சம்பாவை அறுத்தது யார்?" என்றுதான் முதலில் கேட்பேன். பட்டாவைப் பற்றிப் பேசும்போது அறுவடை எதற்கு என்று சிலருக்குக் கோபம்கூட வரும். வரட்டும். காவிரி டெல்டாவில் நிலம் வாங்குகிறவர் அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

கும்பகோணத்துப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் விவசாயக் கடன் மேசையில் உட்கார்ந்து, ஊரார் பத்திரக் கட்டுகளைப் பிரித்துப் படித்தே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் பட்டாவின் படத்தை அனுப்பி, "சித்தப்பா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார்கள். பார்க்கிறேன். பார்த்ததும் பதிலுக்கு நான் அனுப்புவது கேள்விகளைத்தான். இணைய ஆவணங்களின் உண்மையான பயன் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அவை காட்டிக்கொடுக்கின்றன.

குறை சொல்லவில்லை. 1980இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளைகள் முறை ஒழிக்கப்படும் வரை, ஊர்க்கணக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தது. அந்த வீட்டோடு மனத்தாங்கல் என்றால் உங்கள் நிலம் எந்த எண்ணில் இருக்கிறது என்பதைக்கூடத் தெரிந்துகொள்ள முடியாது. இன்று பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் (வயலின் அளவு வரைபடம்) எல்லாவற்றையும் வருவாய்த் துறையின் தளத்தில் கைப்பேசி எண்ணைக் கொடுத்து யாரும் பார்க்கலாம். வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் தளத்தில் கட்டணமில்லாமல் பார்வையிடலாம். இது சின்ன விஷயமில்லை.

ஆனால் தளத்துக்குள் நுழைந்ததும் முதல் தடுமாற்றமே ஊரைத் தேர்ந்தெடுப்பதில் வரும். 1962இல் எழுதிய பத்திரம் 'தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா' என்று தொடங்கும். 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது, 1997இல் திருவாரூர், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. இடையில் தாலுகாக்களும் பிரிந்தன. ஆகவே ஒரே வயல், பத்திரத்துக்குப் பத்திரம் வெவ்வேறு மாவட்டத்தில் கிடக்கும். போதாக்குறைக்கு, ஊர் மக்கள் சொல்லும் பெயர் ஒன்று, ஊராட்சியின் பெயர் இன்னொன்று, வருவாய் கிராமத்தின் பெயர் மூன்றாவது. வடபாதி, தென்பாதி, முதல் சேத்தி, இரண்டாம் சேத்தி என்று ஒரே பெயரில் அடுத்தடுத்து இரண்டு கிராமங்கள் இருந்தால், தென்பாதியின் 45ஆம் எண்ணைப் பார்க்க வேண்டியவர் வடபாதியின் 45ஆம் எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார். விற்பவர் தரும் பட்டாவின் தலைப்பில் இருக்கும் வருவாய் கிராமத்தின் பெயரை எழுத்து மாறாமல் குறித்துக்கொண்டு தொடங்குங்கள். அவர் தந்த காகிதத்தை நம்பாமல், நீங்களே புல எண்ணை, அதாவது சர்வே நம்பரை, போட்டு எடுங்கள். அவர் தந்ததும் நீங்கள் எடுத்ததும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முதல் சோதனை.

அடுத்தது அளவு. எங்கள் பக்கத்தில் இன்றும் நிலம் மாவில்தான் பேசப்படுகிறது. 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பட்டாவோ ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர் என்று தரகர் வாய் கூசாமல் சொல்வார். மூன்று மா 43,200 சதுர அடி, ஏக்கர் 43,560 சதுர அடி. வயலுக்கு அந்த 360 சதுர அடி பெரிதில்லை, சாலையோர மனைக்குப் பெரிது. மூன்று மாவுக்குப் பட்டாவில் சுமார் 0.40.13 (0 ஹெக்டேர், 40.13 ஏர்) என்று இருக்க வேண்டும். 0.38 என்று இருந்தால் மீதி எங்கே போயிற்று என்று கேளுங்கள். பெரும்பாலும் அது வாய்க்கால் கரையிலோ பக்கத்து வயல்காரர் வரப்பிலோ இருக்கும்.

பட்டாவில் இருக்கும் பெயர் எப்படி அங்கே வந்தது என்பது அதைவிட முக்கியம். இன்றைய கணினிப் பட்டாவுக்குப் பெரும்பாலும் அடித்தளம், 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். யூ.டி.ஆர். என்றால்தான் ஊரில் புரியும். அப்போது வயலில் நின்றவர், வீட்டில் மூத்தவர், ஊரிலேயே இருந்தவர் ஆகியோரின் பெயர் ஏறியது. மலாயாவில் இருந்த தம்பியின் பெயரும் கட்டிக்கொடுத்த தங்கையின் பெயரும் விட்டுப்போயின. பிறகு கணினியில் ஏற்றியபோது எழுத்துப் பிழைகள் சேர்ந்துகொண்டன. பட்டா உரிமைக்கு ஆதாரமாகத் துணை நிற்கும், அதுவே உரிமையை உண்டாக்காது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருவது இதனால்தான். மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை கைமாறிய ஒவ்வொரு பத்திரமும் ஒன்றோடொன்று இணைய வேண்டும். இடையில் ஒரு கண்ணி அறுந்து, அந்த இடத்தைப் பட்டாவை மட்டும் காட்டி ஒட்டவைக்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

எல்லாரும் பட்டாவை எடுக்கிறார்கள், 'அ' பதிவேட்டை எடுப்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் பிடித்த ஆவணம். புல எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய புல எண் இருக்கும். தாத்தா காலத்துப் பத்திரத்தில் இருக்கும் எண் இன்றைய பட்டாவில் ஏன் இல்லை என்ற குழப்பம் அங்கே தீரும். தனியார் தீர்வை கட்டி அனுபவிக்கும் ரயத்துவாரியா, அரசு நிலமா என்று இருக்கும். நஞ்சையா, புஞ்சையா, எந்த ஆற்றுப் பாசனம், ஒரு போகமா இரு போகமா, என்ன தீர்வை என்று இருக்கும். கடைசியில் குறிப்பு என்று ஒரு பத்தி. பெரும்பாலும் காலியாக இருக்கும் அந்தப் பத்தியில்தான், காலியாக இல்லாதபோது, வெடிகுண்டு இருக்கும். நிபந்தனையோடு கொடுத்த நில ஒப்படை, பூமிதான நிலம், உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்துப் பகிர்ந்த நிலம், ஆதிதிராவிடர்களுக்கென ஒதுக்கிய நிலம் ஆகியவற்றை விலைக்கு வாங்கினால் கையில் காகிதம் மட்டும்தான் மிஞ்சும். அதனால், விற்பவர் கைக்கு நிலம் எப்படி வந்தது என்பதை அவர் வாயாலும் கேளுங்கள். 'அரசாங்கம் கொடுத்தது' என்று வந்தால், என்ன நிபந்தனையில் கொடுத்தது என்ற உத்தரவைப் பார்க்காமல் அடுத்த பேச்சுக்குப் போகாதீர்கள்.

இனி, டெல்டாவுக்கே உரிய இரண்டு விஷயங்களுக்கு வருகிறேன். இவற்றில்தான் வெளியூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள்.

முதலாவது கோயில். திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் மடங்களுக்கும் நூற்றுக்கணக்கான கோயில்களுக்கும் இந்தப் பகுதியில் எவ்வளவு நிலம் என்பது ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டா கோயிலின் பெயரில் இருந்தால் பிரச்சினையே இல்லை. திரையில் சுவாமியின் பெயரைப் பார்த்ததும் யாரும் விலகிவிடுவார்கள். சிக்கல் இரண்டு இடங்களில் வருகிறது. தலைமுறையாகக் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர், தன் சாகுபடியை இன்னொருவருக்கு 'விற்கிறார்'. முத்திரைத்தாளில் எழுதி, சாட்சி வைத்து, காசு கைமாறிவிடும். வாங்கியவர் அதை நிலம் வாங்கியதாகவே நினைத்துக்கொள்கிறார். கோயிலின் கணக்கில் அவர் யாரோ ஒருவர்.

இன்னொரு இடம் வீடு. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் போன்ற ஊர்களின் பழைய தெருக்களில் அடிமனை கோயிலுக்கும் மேல் கட்டடம் குடியிருப்பவருக்கும் சொந்தமாக இருப்பது சாதாரணம். தாத்தா காலத்திலிருந்து மாடி வீடு, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் இருக்கும். விற்பனை என்று வரும்போது பத்திரத்தைக் கூர்ந்து படித்தால் 'மேல் கட்டட உரிமை மட்டும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை ஆவண எழுத்தர் படித்துக் காட்டும்போது வேகம் கூடும். விலை மட்டும் முழு மனை விலை. அடிமனைக்கு வாடகை கோயிலில் யார் பெயரில் கட்டுகிறார்கள், எதுவரை கட்டியிருக்கிறார்கள் என்று தேவஸ்தான அலுவலகத்தில் நேரில் கேட்பதுதான் வழி. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்க முடியாது. செய்த விற்பனையும் செல்லாது. அறநிலையத் துறையின் தளத்தில் கோயில் வாரியாக நில விவரங்கள் இருக்கின்றன. உங்கள் புல எண் அங்கே இருக்கிறதா என்று ஒரு முறை தேடிவிடுங்கள். பட்டா தனியார் பெயரில் இருந்து, புல எண் கோயில் பட்டியலிலும் இருந்தால், அந்தத் தகராறு உங்கள் ஆயுளைவிட நீளமானது.

கோயில் நிலத்தைப் பற்றி எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் கொடுத்த ஆனைமங்கலத்துச் செப்பேட்டில், பெண் யானையை நடக்கவிட்டு, அதன் பின்னே அதிகாரிகளும் ஊராரும் சுற்றிவந்து எல்லை குறித்த செய்தி இருக்கிறது. எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்தக் கரைக்கு மேற்கு என்று எல்லை சொல்லிக்கொண்டே போவார்கள். இன்றைய பத்திரங்களின் 'இதற்குச் செக்குபந்தியாவது' என்று தொடங்கும் நான்கெல்லை விவரம் அந்த மரபின் பேத்திதான். யானைக்குப் பதில் அளவர் வருகிறார். எல்லையைப் பக்கத்து நிலத்துக்காரர்கள் முன்னிலையில் நடந்து பார்ப்பது மட்டும் மாறவில்லை, மாறவும் கூடாது.

இரண்டாவது விஷயம் குத்தகைதாரர். நான் முதலில் கேட்ட கேள்வி இங்கேதான் பொருந்துகிறது. பெரிய மிராசுகளும் பண்ணையாட்களும் இருந்த பூமி இது. 1952இல் தஞ்சாவூருக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955இல் மாநிலம் முழுமைக்கும் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம். இவை எளிதில் வந்தவையல்ல, பின்னால் பெரிய போராட்டங்கள் இருக்கின்றன. தன் உழைப்பைப் போட்டு உழுகிற குத்தகைதாரரை நில உடைமையாளர் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது, வருவாய் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நிலம் கைமாறினாலும் அவர் உரிமை கைமாறாது, நிலத்தோடு ஒட்டிக்கொண்டு உங்களிடம் வரும். அது நியாயம் என்றே நினைக்கிறேன். மூன்று தலைமுறையாக அந்தச் சேற்றில் நின்றவரின் பெயர் எந்தத் திரையிலும் தெரியவில்லை என்பதுதான் அநியாயம்.

பட்டாவில் குத்தகைதாரர் பெயர் வராது. வில்லங்கச் சான்றிலும் வராது, வாய்மொழிக் குத்தகை பதிவாவதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் குத்தகை உரிமைப் பதிவேடு இருக்கிறது. அந்தப் புல எண்ணுக்கு யாராவது பதிவாகியிருக்கிறார்களா என்று தகவல் கேட்டு எழுத்து மூலம் பதில் வாங்கலாம். பதிவேட்டில் இல்லை என்றாலும் விசாரணையை அத்தோடு முடிக்காதீர்கள். அடங்கலைப் பாருங்கள். எந்தப் பசலியில் (வருவாய்க் கணக்கு ஆண்டில்) என்ன பயிர், சாகுபடி செய்தவர் யார் என்று கிராம நிர்வாக அலுவலரின் கணக்கில் இருக்க வேண்டும். அதிலும் நில உடைமையாளர் பெயரையே எழுதி வைத்திருக்கலாம். அப்போது ஊருக்குள் நடக்க வேண்டும். அந்த எண்ணைக் காட்டிக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியது யார்? பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டியது யார்? நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அந்த வயலின் நெல்லைப் போட்டது யார்? கொள்முதல் நிலையத்தில் சிட்டா அடங்கல் கொடுத்தாக வேண்டும். ஆகவே யாரோ ஒருவர் அதை வாங்கியிருக்கிறார். அந்த ஒருவர், விற்பவர் இல்லை என்றால், நீங்கள் பேச வேண்டிய ஆள் அவர்தான்.

என் நண்பர் ஒருவருக்குப் பாபநாசம் பக்கம் இப்படித்தான் நடந்தது. மூன்று மா நஞ்சை, குடமுருட்டிப் பாசனம், சாலைக்கு அருகில். பட்டா சுத்தம், 'அ' பதிவேடு சுத்தம், வில்லங்கத்தில் ஒரு பாகப்பிரிவினை மட்டும். விற்பவர் திருச்சியில் இருந்தார். நானும் நண்பரும் ஒரு காலை வேளையில் வயலுக்குப் போனோம். வரப்பு வெட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, இது யாருடைய வயல்?" என்று நண்பர் கேட்டார். "அவர்களுடையதுதான், நான்தான் பார்க்கிறேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து" என்றார். ஏழு வார்த்தை தாண்டாத அந்தப் பதிலில் மூன்று சட்டங்கள் இருந்தன. விற்பவரைத் தொலைபேசியில் கேட்டபோது, "அவர் சும்மா பார்த்துக்கொள்கிறார் சார், சொன்னால் விட்டுவிடுவார்" என்றார். சொல்லிப் பாருங்கள், விட்டதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று நண்பர் சொல்லிவிட்டார். பல மாதங்கள் பேசி, ஒரு மாவைப் பெரியவர் பெயருக்கே எழுதிக்கொடுத்து, மீதி இரண்டு மாவில் அவருக்குப் பாத்தியதை இல்லை என்று பெரியவரும் பிள்ளைகளும் கையெழுத்திட்ட பதிவு ஆவணத்தோடு அந்த வியாபாரம் முடிந்தது. இப்படி நிலத்தைப் பகிர்ந்து முடித்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் பழக்கத்தில் உள்ள வழிதான். நண்பருக்கு மூன்று மா இரண்டாகியது. வருத்தம் இல்லை, விலையும் இரண்டு மாவுக்குத்தான் கொடுத்தார்.

வயலின் ஒரு மூலையில் குடிசைகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், நிலச்சொந்தக்காரர் இடத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. பழைய பட்டாவில் அந்தப் பரப்பு கழியாமல் இருக்கலாம். அதைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். காலி செய்து தருகிறேன் என்று சொல்லும் விற்பனையாளரிடம் எனக்கு எப்போதும் மரியாதை குறைவு.

வில்லங்கச் சான்றைப் பற்றிச் சொல்ல வேண்டியது, அதைத் தேடும் முறையைப் பற்றித்தான். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகளை இணையத்தில் பார்க்கலாம், அதற்கு முந்தையவற்றுக்கு மனுப் போட்டு, அலுவலக ஏடுகளில் தேடச்செய்து வாங்க வேண்டும். இன்று 45/2அ1 என்று இருக்கும் உட்பிரிவு 20 வருடத்துக்கு முன் 45/2அ ஆக இருந்திருக்கும், அதற்கும் முன் 45/2. இன்றைய எண்ணை மட்டும் போட்டால் சமீபத்திய பதிவுகள் மட்டும் வந்து, பழைய அடமானம் ஒளிந்துகொள்ளும். எல்லா வடிவங்களிலும் போட்டுத் தேடுங்கள், பழைய புல எண்ணிலும் தேடுங்கள். கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டிலும் தேட வேண்டும். திரையில் வரும் ஒவ்வொரு பதிவிலும் முந்தைய ஆவண எண் என்று ஒரு கட்டம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் சங்கிலி எங்கே அறுகிறது என்று தெரியும். அடமானம் இருந்து அதற்கு இரத்துப் பத்திரம் இல்லை என்றால், "அது எப்போதோ கட்டியாகிவிட்டது" என்ற வாய்ச்சொல் போதாது.

அந்தச் சான்று சொல்லாதவை இன்னும் இருக்கின்றன. பதிவு செய்யாத உயிலை அது சொல்லாது. வழக்கு நடப்பதைச் சொல்லாது. அதற்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரிலும் அவர் தகப்பனார் பெயரிலும் சம்பந்தப்பட்ட நீதிமன்றங்களில் தேடலாம். புல எண்ணை வைத்துத் தேட வழியில்லை, பெயரை எப்படி எழுதியிருப்பார்கள் என்று ஊகித்துத்தான் தேட வேண்டும். வாரிசுகளையும் வில்லங்கச் சான்று சொல்லாது. எங்கள் பக்கத்துக் குடும்பம் என்றால் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோலாலம்பூரில், அத்தை ஒருவர் திருமணமாகி வேதாரண்யத்தில். அத்தையைப் பற்றி விற்பவர் பேசவே மாட்டார். "சீர் செய்து அனுப்பிவிட்டோம்" என்பார். உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் 1989இல் தமிழ்நாட்டுச் சட்டமும் 2005இல் மத்தியச் சட்டமும் மகளுக்கு மகனைப் போன்ற இடத்தைக் கொடுத்தன. சீர் வரிசை செய்தது, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஆகாது. வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுத்து விற்றால், பவர் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பது அபசகுனமாகத் தோன்றினாலும் அவசியம். அவர் இறந்த கணமே அந்தப் பவர் செத்துவிடுகிறது.

"இத்தனை இருந்தால் பதிவு அலுவலகத்திலேயே தடுத்திருக்க மாட்டார்களா?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். சார்பதிவாளர் ஆவணத்தைப் பதிவு செய்பவர், விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்பவர் அல்லர். மூல ஆவணத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் இருந்த 55-அ விதியைக்கூட 2025இல் உச்ச நீதிமன்றம், பதிவுச் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளிவிட்டது. உரிமையைப் பார்க்கும் வேலை வாங்குகிறவருடையது, அவர் அமர்த்தும் வழக்கறிஞருடையது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் கட்டுகிறோம். அது அரசுக்குக் கட்டும் வரியும் கட்டணமும்தான், உரிமைக்கான காப்பீடு அல்ல.

மனைப் பிரிவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. புறவழிச்சாலை போட்ட இடமெல்லாம் நேற்று நாற்று நட்ட வயலில் இன்று வண்ணக் கொடி கட்டியிருக்கிறார்கள். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள், நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் ஊராட்சி தானாக மனைப் பிரிவுக்கு அனுமதி தர முடியாது. நஞ்சையை மனையாக்குவதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் மனை போடுவதையே தடுத்துவிட்டதாக ஒரு நம்பிக்கை உலவுகிறது. அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், உருக்காலை போன்றவற்றைப் பற்றியது. கொடி கட்டுபவரை அது தொடவில்லை, தொட்டிருக்கலாம்.

புலப்படத்தை அச்செடுத்துக்கொண்டு வயலுக்குப் போங்கள், கைப்பேசித் திரையில் பார்த்தால் போதாது. அதில் பார்க்க வேண்டியவை இரண்டு: வழியும் தண்ணீரும். நஞ்சை வயல்களில் பலவற்றுக்கு வண்டிப்பாதையே இல்லை, வரப்பில் நடந்து போகிறார்கள். புலப்படத்தில் பாதை தனி எண்ணோடு புறம்போக்காக இருந்தால் அது ஊர் வழி. படத்தில் இல்லாமல் தரையில் மட்டும் பாதை இருந்தால், அது யாரோ ஒருவர் இன்றுவரை மறுக்காமல் விட்டுவைத்த வழி. அறுவடை இயந்திரம் எந்த வழியாக வருகிறது என்று கேளுங்கள். தண்ணீரும் அப்படியே. வாய்க்காலிலிருந்து நேரே மடை இருக்கிறதா, மேலே இருக்கும் வயலில் பாய்ந்து வழிந்துதான் உங்களுக்கு வருகிறதா? இரண்டாவது என்றால், மேல் வயல்காரர் நாளைக்கு மனை போட்டுவிட்டால் உங்கள் நஞ்சை ஏட்டில் மட்டும் நஞ்சை. வடிகால் எங்கே என்பதை ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பார்த்தால் யாரும் சொல்லாமலே தெரியும். விற்பவர்கள் பங்குனியில்தான் நிலம் காட்ட அழைப்பார்கள்.

கொள்ளிடத்துப் படுகை நிலத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கும், வாழையும் பூவும் செழிக்கும், விலை மலிவாக இருக்கும், பட்டாவும் இருக்கலாம். பட்டா நிலம் என்பதால் வெள்ளம் மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போகாது. 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகளே அடித்துக்கொண்டு போயின. அங்கே சாகுபடி செய்யத் தெரிந்தவர்கள் படுகையிலேயே வளர்ந்தவர்கள். வார இறுதியில் வந்து பார்த்துப் போக நினைப்பவர்களுக்கு அது ஏற்ற இடமல்ல.

எல்லாம் சரியாக இருந்து கிரயம் முடிந்தால், பட்டா மாற்றம் பாக்கி இருக்கும். முழு எண்ணையும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கியிருந்தால், உட்பிரிவு தேவையில்லாததால் பத்திரப் பதிவோடு சேர்ந்தே பெயர் மாற வழி இருக்கிறது. எண்ணில் ஒரு பகுதியை வாங்கியிருந்தால் அளவர் வந்து அளந்து உட்பிரிவு செய்தாக வேண்டும். புதுப் பட்டா வந்ததும் பெயர், தகப்பனார் பெயர், பரப்பு மூன்றையும் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பிழை இருந்தால், ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராமக் கணக்குகளை விரித்து வைத்து நடத்தும் ஜமாபந்தியில் மனுக் கொடுப்பது நல்ல வழி, அன்று கணக்கும் அதிகாரியும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அளக்கச் சொல்லி மனுப் போடுவதற்கும் பருவம் உண்டு. சம்பா நட்ட வயலில் யாரையும் இறங்கவிட மாட்டார்கள். தை, மாசியில் அறுப்பு முடிந்து, ஊடே தெளித்த உளுந்தும் பயறும் எடுத்த பிறகு, ஜூன் 12இல் மேட்டூரில் தண்ணீர் திறந்து அது கடைமடைக்கு வந்து சேருவதற்குள் ஓர் இடைவெளி கிடைக்கும். அதற்குள் அளந்து, பக்கத்து வயல்காரர்களை நிற்கவைத்துக் கல் நட்டுவிட வேண்டும்.